குளிரில் செத்த கிருமி

அந்த அறிக்கையின் கீழே இருந்தது என் கையெழுத்துதான். அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றவர்கள் மேல் கோபப்பட எனக்கு வாய் இருக்கும்.

அப்போது பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண்களுக்கு வரும் வெள்ளைபடுதலுக்கு எந்தக் கிருமி காரணம் என்று கண்டுபிடிப்பது என் வேலை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரிகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு வந்துசேரும். அவற்றைத் தட்டில் தடவி வளர்த்துப் பார்ப்பேன். ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வெட்டை நோயின், அதாவது கொனோரியாவின், கிருமி ஒன்றில்கூட வளரவில்லை. 'கிருமி இல்லை' என்று எழுதி எழுதி அனுப்பினேன். தோட்டத்துப் பெண்களிடம் இந்த நோயே இல்லை என்று கட்டுரை எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். வெட்கங்கெட்ட கட்டுரை.

ஒரு நாள் காலை, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி இரண்டு பஸ் மாறி ஆய்வுகூட வாசலுக்கே வந்து நின்றாள். கலியாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. நான் அனுப்பிய தாளை விரித்துக் காட்டினாள்.

"ஒன்னும் இல்லன்னு எழுதியிருக்கீங்களாம், மிஸ். அப்ப இந்த அடிவயித்து வலி யாரோடது?"

நோயில்லை என்றால் இவள் மலடிதான் என்று மாமியார் தீர்மானித்து, மகனுக்கு வேறு பெண் பார்க்கிறாளாம். அதற்கு ஆதாரம் என் கையெழுத்துப் போட்ட தாள்!

பக்கத்துக் கிளினிக்கில் லேடி டாக்டரிடம் சொல்லிப் புதிதாக மாதிரி எடுக்க வைத்து, சூடு ஆறுமுன் தட்டில் தடவினேன். இரண்டு நாளில் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகள். நான் இல்லை என்று எழுதிய அதே கிருமி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன்.

டிஸ்பென்சரியில் இருந்தவரைத் தோட்டமே 'டாக்டர் ஐயா' என்று கூப்பிடும். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். தடுப்பூசிகளுக்குப் பக்கத்தில், அந்த வாரத்துக் குச்சிகள் வரிசையாக நின்றன.

"திங்கக்கெழம எடுத்தது, மிஸ். வெள்ளி வரைக்கும் இங்கதான் வைப்போம். ஒன்னுகூட கெட்டதில்ல."

கெடவில்லை, செத்துப்போயிருந்தன. இந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாது. எத்தனை பெண்களின் வலியை இந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொன்றீர்கள் என்று கத்தினேன். மனிதர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை உரித்து என் கையில் தந்தார்.

'எல்லா மாதிரிகளையும் குளிரில் வைக்கவும்.' எங்கள் ஆய்வுகூடத்துத் தாள். முந்தைய ஆராய்ச்சிக்காகச் சிறுநீருக்கும் மலத்துக்கும் நானே எழுதிய அறிவுறுத்தல். தலைப்பை மட்டும் மாற்றி, சோம்பேறித்தனமாக மறுபடி அனுப்பியிருக்கிறேன். அவர் எழுத்துப் பிசகாமல் செய்தார். வீடிருந்த குண்டசாலையிலிருந்து பேராதனைக்குப் போய்வருவதே பெரும்பாடு என்று அலுத்துக்கொண்ட நான், இந்தப் பெட்டியை ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.

பழைய அறிக்கைகளைக் கிளற வேண்டாம், பெயர் கெட்டுவிடும் என்றார் எங்கள் ஆய்வுகூடத் தலைவர். கெடட்டும் என்று அத்தனையையும் திரும்பப் பெற்றேன். திருத்திய அறிக்கையோடு அவளைத் தேடிப் போனபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் அண்ணன் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் வீட்டுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளிடம் தாளை நீட்டினேன். கிளினிக்கில் கொடுத்த மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்திருந்தாள். இனிப் பிள்ளை தங்குமா என்று கேட்டாள். உள்ளே கருக்குழாய் அடைபட்டிருக்கலாம், சொல்ல முடியாது என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புருஷனையும் சோதிக்கக் கூப்பிட்டனுப்பினோம், 'ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு' என்று வரமாட்டேன் என்றுவிட்டான், அவனை என்ன செய்தால் தகும் என்று பொரிந்து தள்ளினேன். அவள் என்னை நிறுத்தினாள்.

"என் கதைய விடுங்க, மிஸ். அந்தாளு இன்னும் மருந்து திங்கல. புதுசா வந்திருக்கிற புள்ளைக்கு பத்தொம்பது வயசுதான். அதுக்கிட்ட யாரு சொல்றது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன்னைத் துரத்திய வீட்டுக்கு எனக்கு வழிகாட்டி முன்னே நடந்தாள்.