கழுவிக் கொடுத்த கல்

தாட்சாயிணி தன் கொல்லையிலிருந்த வீரன் கல்லைப் புளி கரைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைமுறைகளாகப் பூசிய எண்ணெயும் மஞ்சளும் அதில் அடையாக ஏறியிருந்தன. கல்லில் எழுத்து தெரிந்தால் சங்கத்தார் வந்து போட்டோ மட்டும் எடுப்பார்கள் என்று அண்ணன் மகன் அசோக் சொல்லியிருந்தான். பட்டாபிராமில் ஊர் வரலாற்றுச் சங்கம் நடத்துபவன் அவன்.

எழுத்து தெரிந்தது. அன்று மாலையே கிரேன் வந்தது. புதுக் குடியிருப்பின் பூங்காவில் கல்லை வைக்க அவன் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான்.

"சாமியைப் பேத்துகினு போறியே, இன்னா நைனா இது?"

"அது சாமி இல்ல அத்தை, நடுகல்லு. நீதானே கழுவிக் குடுத்தே."

அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸான நான் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மறுநாள் காலை, பூங்காவில் விளக்கேற்ற அவளை அழைத்துவர அசோக் ஆட்டோ அனுப்பினான். அவளும் நானும் அதில் ஏறி, ஆவடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விடச் சொன்னோம். கல்லைத் திருப்பிக் கேட்கும் மனுவை நான் எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள்.