பண்டாரவளை மேடைக்கு அவர் போகாத நாள்

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசும் அவருடைய நிமிர்ந்த முதுகுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உட்காரச் சொன்னால், கப்பலில் பழகிய பழக்கம் என்பார். கடற்படை அதிகாரியாக இருந்து, வளைகுடா நாடொன்றில் தூதுவராகி, கடைசியில் பதுளைக்குப் பாராளுமன்ற உறுப்பினராக வந்தவர். அவருடைய அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. நாங்கள் 'சேர்' என்றே அழைப்போம். சிங்களவரான அவர் திருகோணமலையில் இருந்தபோது தமிழ் பழகியிருந்தார். "இருங்கோ, சொல்லுங்கோ" என்று அந்த ஊர்ப் பேச்சில் ஆரம்பித்தாலே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

தேர்தலுக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை. பண்டாரவளையில் கட்சித் தலைவர் பேசும் கூட்டம். வேட்பாளர்கள் எல்லோரும் மேடையில் இருந்தாக வேண்டும். வாகனம் புறப்படும் நேரத்தில், நமுனுகுலப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகளின் படத்தோடு வந்து நின்றார்.

"நாலு மாசமா புள்ளகிட்டருந்து ஒரு தகவலும் இல்லைங்கய்யா. கடைசியா பேசுனப்ப, பூட்டி வச்சிருக்காங்கம்மான்னு அழுதுச்சு."

மகள் வீட்டுவேலைக்குப் போன நாட்டின் பெயரைக் கேட்டதும் சேர் வாகனத்திலிருந்து இறங்கிவிட்டார். அவர் தூதுவராக இருந்த அதே நாடு.

"சேர், கூட்டம்..." என்றேன்.

"நாளைக்கு வெள்ளி, அங்கை அரசாங்கக் கந்தோரெல்லாம் ரெண்டு நாள் பூட்டு. இண்டைக்கு விட்டால் ஞாயிறுதான் ஆளைப் பிடிக்கலாம். இருங்கோ அம்மா."

அங்கே இருந்த தன் பழைய சாரதி, தூதரகத்து எழுதுவினைஞர், பொலிஸ் அதிகாரி என்று ஒவ்வொருவராக அழைத்தார். பண்டாரவளையிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் பொலிஸார் அந்த வீட்டுக்குப் போய்ப் பெண்ணைப் பேச வைத்தார்கள். "பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டவர், தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அன்று அவருடைய தமிழுக்கு யாரும் சிரிக்கவில்லை.

மேடையில் காலியாகக் கிடந்த நாற்காலியைத் தலைவர் மறக்கவில்லை. சேருக்குத் தலைக்கனம் என்று கதை கட்டினார்கள். கட்சிப் பட்டியலுக்குள் ஆளைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கில் தோற்றுப்போனார். அலுவலகத்தை ஒழித்துக் கொடுத்த அன்று, "வருத்தமா சேர்?" என்று கேட்டேன். இல்லை என்பார் என நினைத்தேன்.

"இருக்கு. இந்த வேலை எனக்கு நல்லாப் பிடிச்சது" என்றார்.

கொழும்புக்குப் போனவர் அடுத்த வருடமே இறந்துபோனார். ஊர் திரும்பியிருந்த அந்தப் பெண், அவரை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடக்கவில்லை.

இப்போது லுணுகலையில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் பதுளையில் பஸ் ஏறியவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயாவைப் படத்துல பாத்திருக்கேன் மிஸ். நேர்ல எப்படி இருப்பாரு?"

சொல்லத் தொடங்கினேன். லுணுகலை வந்தும் முடியவில்லை.