மாடிப்படி டாக்டர்

அம்மா கையெழுத்துப் போடப் போட, மகள் பக்கத்தில் நின்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். விடுமுறை தொடங்கும் வாரம். நீச்சல், பந்தாட்டம், மலையேற்றம் என்று எதில் சேர்ந்தாலும் பிள்ளைக்கு டாக்டர் சான்று வேண்டும்.

"கோணலாக் குத்தாதடி. இன்ஜினியர்னு வெளியில சொல்லிக்காத," என்றார் அம்மா, நிமிராமலே.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். சனிக்கிழமை மாலை.

மற்ற டாக்டர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. பிள்ளை மாடிப்படியில் இரண்டு தரம் ஓடி ஏறி இறங்க வேண்டும். மூச்சிரைக்க வந்து நின்றதும், ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி நெஞ்சில் வைப்பார். தடதட சத்தத்துக்காக மேல்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்திருக்கிறார். 'மாடிப்படி டாக்டர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மோட்டார்களைச் சோதிப்பது மகளின் வேலை. ஓட்டிப் பார்க்காததற்கு அவளும் கையெழுத்துப் போடமாட்டாள்.

அன்று கடைசியாக வந்தவள், மூச்சிழுப்பு உள்ள எட்டு வயதுச் சிறுமி. நீச்சல் என்றால் உயிர். போன விடுமுறையில் அம்மா மறுத்துவிட்டதால், கம்பி வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்தவள். இந்தத் தடவை படியேறி இறங்கிவிட்டாள்.

"இப்பல்லாம் இழுப்பே வர்றதில்ல டாக்டர்," என்றார் அவள் அப்பா.

"உங்களைக் கேக்கல. மூச்சு விடுறவளைக் கேக்குறேன்."

"குளிர்ல மட்டும் கொஞ்சம் வரும்," என்றாள் சிறுமி, அப்பா பக்கம் திரும்பாமல்.

அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "உண்மையைச் சொல்ற பிள்ளையத் தண்ணில விடலாம். ஆனா இழுப்பு வந்தா என்ன பண்ணணும்னு நீச்சல் மாஸ்டருக்குத் தெரியணும். திங்கக்கிழமை நானே போய்ச் செஞ்சு காட்டிட்டு, அங்கேயே கையெழுத்துப் போடுறேன்."

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு அலைச்சலா?"

"கண்ண மூடிக்கிட்டுப் போடுறதுன்னா என் பொண்ணே போட்டுடுவா. முத்திரை அவ கைலதான இருக்கு."

சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அவளுடைய படிவத்தைக் கைப்பையில் வைத்து, மறக்காமலிருக்க வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டினார்.

ஞாயிறு விடியற்காலை, அம்மாவுக்குத் தூக்கத்திலேயே மாரடைப்பு.

செவ்வாய்க்கிழமை சிறுமியும் அவள் அப்பாவும் துக்கம் கேட்க வந்தார்கள். மறுநாள் நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "சனிக்கிழமைகூட நல்லாத்தானே இருந்தாங்கம்மா," என்றார்.

சிறுமிதான் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, டாக்டரம்மா நீச்சல் மாஸ்டர்கிட்ட போன்லயாவது பேசினாங்களா?"

அப்பா அவள் தோளை அழுத்தினார்.

மகள் கதவில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"இன்னும் பேசலடா," என்றாள்.