பங்குனியில் காணாமல் போன காடு

போன செவ்வாய்க்கிழமை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க டீச்சர்… என்னைத் தெரியுதுங்களா?"

திரும்பினேன். நரைத்த தலை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் துணிப்பை. தெரிந்த முகம்தான், பெயர்தான் வரவில்லை. கல்லூரியில் காலமெல்லாம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். செடி கொடிகளின் லத்தீன் பெயர்கள் இன்னும் ஒன்றுவிடாமல் நாக்கு நுனியில் நிற்கின்றன. மனிதர்களின் பெயர்கள்தான் காலை வாரிவிடுகின்றன!

"பழனியப்பனுங்க. ஃபாரஸ்ட் வாட்சர்."

அட! எப்படி மறந்தேன் இவரை?

அடுத்த கேள்வியை அவர்தான் கேட்டார். "அந்த ஜாம்பியா அம்மிணி எப்படி இருக்குதுங்க?"

என் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை, பாருங்கள். நேராக ஜாம்பியா!

"நல்லா இருக்காங்க. அவங்க நாட்டுல காடு அளக்கற வேலைக்கே இப்ப அவங்கதான் தலைமை. புது வருஷத்துக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவாங்க. உங்களைக் கேக்காம இருக்க மாட்டாங்க."

"அப்பிடீங்களா!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா இருக்கட்டுமுங்க. நல்ல மனசு அதுக்கு."

இன்னும் பேசியிருப்போம். பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சேலம் வந்து சேரும்வரை நான் அந்த பஸ்ஸிலேயே இல்லை. எத்தனையோ வருடங்களுக்கு முந்தைய ஒரு பங்குனி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன்…

ஒரு நாள் எங்கள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "ராசிபுரம் பக்கத்துல மலையடிவாரத்துல ஒரு பயிற்சி முகாம். பல நாட்டு வன அதிகாரிகள் வர்றாங்க. இங்கிலீஷும் தமிழும் மரமும் தெரிஞ்ச ஆள் வேணுமாம். ரெண்டு வாரம் போயிட்டு வாங்க."

மூன்றும் தெரிந்தவள் என்று யார் சொன்னார்களோ! மறுக்க வாய் வரவில்லை. போனேன்.

காட்டை அளப்பதற்கு எதற்கு இத்தனை நாடுகள்? எனக்கும் முதலில் புரியவில்லை. போன பிறகுதான் தெரிந்தது. மரங்கள் காற்றில் இருக்கும் கார்பனை இழுத்துத் தங்கள் கட்டைக்குள் வைத்துக்கொள்கின்றன. காடு அழிந்தால் அதுவும் காற்றுக்கே திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு நாடும் தன்னிடம் எவ்வளவு காடு இருக்கிறது, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லா நாட்டிடமும் சாட்டிலைட் இருக்கிறதா? சில நாடுகளிடம் படம் இருக்கிறது. சில நாடுகளிடம் மரம் அளக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். சில நாடுகளிடம் இரண்டும் இல்லை. இருப்பதைப் பகிர்ந்துகொள்ளவும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவும்தான் அந்த முகாம்.

சாட்டிலைட் படத்தைப் படிக்கச் சொல்லித் தர வந்தவர் ஹென்ரிக். பின்லாந்துக்காரர். நம் வெயிலில் முதல் நாளே தக்காளிப்பழம் மாதிரி ஆகிவிட்டார். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்திதான் எஸ்தர். ஜாம்பியா நாட்டு வனத்துறை அலுவலர். ஆறடி உயரம். வாய்விட்டுச் சிரித்தால் முகாம் நடந்த கொட்டகையே அதிரும். அந்தப் பகுதி வாட்சர் நம் பழனியப்பன் - எஸ்தரின் தோள்வரை இருப்பார்.

முதல் நாளே இருவருக்கும் சண்டை. எதற்கு? நெஞ்சுக்கு!

மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. எஸ்தர் ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டரில் டேப்பைச் சுற்றினாள். பழனியப்பன் அதை மேலே நகர்த்தினார். நம் ஊர்க் கணக்கு நாலரை அடி - ஏழு சென்டிமீட்டர் அதிகம். அவள் இறக்க, இவர் ஏற்ற, அவள் இறக்க…

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. அம்மிணி இத்தனை ஒசரம் இருந்துக்கிட்டு நெஞ்சைக் கீழ வெச்சிருக்குது. நான் இத்தனூண்டு ஆளு, எனக்கு மேல இருக்குதுங்க!"

மொழிபெயர்த்தேன். எஸ்தர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்துபோயின. கடைசியில் இரண்டு உயரத்திலும் அளந்து இரண்டையும் எழுதினார்கள். அன்றிலிருந்து இருவரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான்காம் நாள் காலை, கொட்டகைச் சுவரில் ஹென்ரிக் ஒரு மேப்பை மாட்டினார். பச்சை என்றால் காடு. சிவப்பு என்றால் சமீபத்தில் அழிந்த காடு. ஒரு மூலையில் மட்டும் கை அகலத்துக்குச் சிவப்பு.

அது பழனியப்பனின் பீட் - அவர் காவல் காக்கும் பகுதி.

முகாமைப் பார்வையிட வந்திருந்த மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் கேட்டார். "இவ்வளவும் உன் பீட்தானய்யா? காடு எங்கே?"

"காடு அங்கயேதானுங்கய்யா இருக்குது."

"அப்ப சாட்டிலைட் பொய் சொல்லுதா?"

பழனியப்பன் தலைகுனிந்து நின்றார். ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும் என்று சாயங்காலமே மெமோ வந்துவிட்டது. எத்தனையோ வருடம் தற்காலிக வாட்சராக அலைந்து, அப்போதுதான் நிரந்தரம் ஆகியிருந்தார் மனிதர். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

எஸ்தர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். நேராக ஹென்ரிக்கிடம் போனாள்.

"இந்தப் படம் எந்த மாதம் எடுத்தது?"

அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். பழைய படம் இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பரில் எடுத்தது. புதிய படம் மார்ச் கடைசியில். போன மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிட்டதால் தெளிவான படம் அதுதான் கிடைத்ததாம்.

"நவம்பரில் இலை இருக்கும். மார்ச்சில்?" என்றாள் எஸ்தர்.

"அதை சாஃப்ட்வேர் சரிசெய்திருக்க வேண்டுமே…" ஹென்ரிக்கின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"செய்திருக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். நாளை போய்ப் பார்ப்போம். என் நாட்டுக் காடும் வெயில் காலத்தில் மொட்டையாகத்தான் நிற்கும். எங்களுக்கும் இதே மாதிரி சிவப்பு மேப் வந்தது. அப்போது எங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை."

ஹென்ரிக் நல்ல மனிதர். வாதாடவில்லை. மேப்பின் சிவப்பில் அங்கங்கே பன்னிரண்டு இடங்களைக் கம்ப்யூட்டரையே தேர்ந்தெடுக்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்தே போய்ப் பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் விடிந்ததும் நால்வரும் கிளம்பினோம். அடிவாரம்வரை குச்சிக்கிழங்குக் காடு - மரவள்ளித் தோட்டத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். அதைப் பார்த்ததும் எஸ்தர் நின்றுவிட்டாள். "இது எங்கள் வீட்டுச் சாப்பாடு!" என்று இலையைத் தடவினாள். ஊரை விட்டு வந்து அவள் முதன்முதலாகக் கண்கலங்கியது அங்கேதான். வேக வைத்த கிழங்குக்கு அன்று சாயங்காலமே பழனியப்பன் ஏற்பாடு செய்தார். "எங்க ஊட்டுக்கு வாங்க அம்மிணி, வயிறு நெறயச் சாப்பிடலாம்." மெமோ வந்த மனிதர் பேசிய பேச்சு இது!

அதெல்லாம் சாயங்காலம். காலையில் முதல் இடத்துக்குப் போனபோது எனக்கே திக்கென்றது. உசிலையும் ஒதியமும் வெள்வேலும் ஒரு இலைகூட இல்லாமல் குச்சி குச்சியாக நின்றன. இது காடா? சத்தியமாகச் சொல்கிறேன், தாவரவியல் படித்த எனக்கே சந்தேகம் வந்தது.

பழனியப்பன் ஒரு ஒதிய மரத்தின் அருகே போனார். கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார்.

உள்ளே பச்சை. ஈரமான, பளிச்சென்ற பச்சை.

எஸ்தர் அடுத்த மரத்துக்குப் போனாள். யாரும் சொல்லாமலே தன் நகத்தால் சுரண்டினாள். அங்கேயும் பச்சை. "நாங்களும் இப்படித்தான் பார்ப்போம்," என்றாள் மெதுவாக. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

ஹென்ரிக் குனிந்து குனிந்து படம் எடுத்தார். மூன்று நாள் நடந்தோம். பதினோரு இடம் பார்த்தோம். பதினொன்றிலும் காடு உயிரோடு நின்றது.

மூன்றாம் நாள் உச்சிவெயில். தண்ணீர் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது இடம் ஒரு ஓடைக்கு அப்பால். ஹென்ரிக் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சொன்னார். "போதும். முடிவு தெளிவாகத் தெரிகிறது. மேப்தான் தப்பு. திரும்பலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

பழனியப்பன் நகரவில்லை.

"இன்னும் ஒன்னு இருக்குதுங்களே டீச்சர்."

"பரவாயில்லைங்க பழனியப்பன். அதான் எல்லாமே சரியா வந்திருக்கே."

"அது சரியா வராதுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

"அங்க மரத்தை வெட்டிட்டாங்க. போன வருஷம். எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தேன், அந்த ரெண்டு நாள்ல நடந்துபோச்சு. வந்து பாத்தேன். மேல எழுதிக் குடுக்கலீங்க. பயம்… வேலை போயிருமோன்னு."

"என்ன சொல்கிறார்?" என்றாள் எஸ்தர்.

ஒரு பொய் போதும். 'களைப்பாக இருக்கிறதாம்' என்று சொன்னால் முடிந்தது. கேட்க யார் இருக்கிறார்கள் அந்தக் காட்டில்? அவர் பிழைத்துப்போவார். நானும் நல்லது செய்ததாக நினைத்துக்கொள்வேன்…

நான் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார்.

"டீச்சர், நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. மாத்திறாதீங்க."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். எஸ்தருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் இதை இப்போது சொல்கிறார்? போக வேண்டாம் என்றுதானே ஹென்ரிக்கே சொன்னார்?"

பழனியப்பன் நிதானமாகப் பதில் சொன்னார். "இதை மறைச்சேன்னு நாளைக்குத் தெரிஞ்சா, அந்தப் பதினோரு எடத்தையும் யாருங்க நம்புவாங்க? அங்க மரம் நெசமாவே நிக்குதுங்க. எனக்காக அதையும் பொய்யாக்கணுமா அம்மிணி?"

எஸ்தர் டேப்பை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடையில் இறங்கினாள்.

அங்கே ஒரு வீட்டு மனை அளவுக்கு வெறும் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றையும் பழனியப்பன் அளந்து சொல்ல, எஸ்தர் எழுதினாள். சில கட்டைகளின் ஓரத்தில் புதுத்துளிர் எட்டிப் பார்த்தது. அதையும் எழுதச் சொன்னார்.

முகாமின் கடைசி நாள் ஹென்ரிக் புது மேப்பை மாட்டினார். போன மழை முடிந்ததும் எடுத்த, பாதி மேகம் மறைத்த படங்களைத் தேடியெடுத்து, நடந்து பார்த்த கணக்கோடு சேர்த்துத் திருத்தியிருந்தார். கை அகலச் சிவப்பு போய், கடுகளவு சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. "என் மேப்பைத் திருத்தியவர் இவர்," என்று எல்லா நாட்டுக்காரர்கள் முன்னாலும் பழனியப்பனைக் கைகாட்டினார். கைதட்டல் ஓயவே இல்லை. அதே மேலதிகாரியும் எழுந்து வந்து கை கொடுத்தார் - அதையும் சொல்லிவிட வேண்டும். காடு எங்கே என்று கேட்ட மெமோ ரத்தானது.

இன்றைக்கு எஸ்தர் தன் நாட்டில் மட்டுமல்ல, பக்கத்து நாடுகளுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்கிறாள். பயிற்சிக்கு வருகிறவர்களை முதலில் இலையில்லாத காட்டுக்குத்தான் கூட்டிப் போகிறாளாம். அளவு எழுதும் தாளில் 'அடிக்கட்டைகள்' என்று ஒரு கட்டத்தை முதல் வரியிலேயே சேர்த்துவிட்டாளாம். ஏன் என்று யாராவது கேட்டால், ராசிபுரம் என்ற ஊரைப் பற்றிச் சொல்வாளாம். அங்கே அந்தப் பெயரை எப்படித்தான் உச்சரிக்கிறார்களோ!

நான்? அதுவரை எப்போதும் மழை முடிந்த பிறகுதான் மாணவிகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவேன். பார்க்க அழகாக இருக்கும் அல்லவா? அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பங்குனியில்தான் போனேன். வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். பட்டையைச் சுரண்டச் சொல்வேன். சுரண்டிய பிறகு ஒருத்தியும் முணுமுணுத்ததில்லை.

பழனியப்பனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். ஆபீசிலிருந்து கவர் வந்திருந்ததாம். பிரித்தால் உள்ளே இரண்டு தாள். ஒன்று, நேர்மையாக அளந்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ். இன்னொன்று, மரம் வெட்டியதைத் தெரிவிக்காததற்காக ஆத்தூர் பக்கம் மாறுதல்.

"ரெண்டும் நியாயந்தானுங்களே டீச்சர்!" என்று சிரித்தார் பாருங்கள்… அந்தச் சிரிப்பை எந்த மொழியில் பெயர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.