சர்வர் அறையின் பச்சை விளக்கு

எனக்குப் பொறுமை என்பது அறவே கிடையாது. புனே பக்கத்துச் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால் நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். தளேகாவில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை உட்கார மாட்டாமல் ஃபாக்டரிக்கு நடந்தே போன நாட்கள் உண்டு. இந்த அவசரம்தான் ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைத்தது.

அது கார் பாகங்கள் செய்கிற ஃபாக்டரி. கம்ப்யூட்டர்களும் அவற்றை இணைக்கிற கேபிள்களும் என் பொறுப்பு. வளாகத்தின் கடைசியில் புது ஷெட் போட்டு, பாகங்களைச் சோதிக்கிற மெஷினை அதில் வைத்தார்கள். மெஷின் எடுக்கும் அளவுகள் உடனுக்குடன் ஆபீஸ் கட்டடத்து சர்வருக்கு வந்து சேர வேண்டும். செப்புக் கேபிள் நூறு மீட்டரோடு சரி. ஷெட்டோ அதைப் போல நாலு மடங்கு தூரம். ஆகவே நடுவில் ஃபைபர், இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டர். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். செப்பில் மின்சாரமாக வருவதை வெளிச்சமாக்கி ஃபைபரில் அனுப்பும், வெளிச்சமாக வருவதைத் திரும்ப மின்சாரமாக்கித் தரும்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஃபைபரில் இரண்டு இழை; ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. முதல் வகையில், எந்த இழையில் கோளாறு வந்தாலும் இரண்டு முனையிலும் விளக்கு அணைந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது வகைக்கு அந்தச் சமர்த்து இல்லை. அனுப்புகிற இழை செத்துக் கிடந்தாலும், வாங்குகிற இழையில் வெளிச்சம் வருகிறவரை பச்சை விளக்கை எரித்துக்கொண்டு எல்லாம் சுகம் என்று உட்கார்ந்திருக்கும். முதல் வகை வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரமா! இருப்பதைக் கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஃபைபர் இழுத்து ஜாயின்ட் போட்டவர் ஒரு தமிழர். ஐம்பதைத் தாண்டிய கான்ட்ராக்ட் ஆள். புனேயில் கட்கி ராணுவக் கன்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஃபைபர் முனையில் விரல் படக் கூடாது, கழற்றினால் உடனே மூடி போட வேண்டும் என்று போகும்போது சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன். அந்தக் குட்டி மூடிகளை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

கண்டே நவமி வந்தது, நம் ஆயுத பூஜைதான். லேத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை துடைத்து சாமந்தி மாலை போட்டார்கள். என் சர்வர் அறை மட்டும் என்ன பாவம் செய்தது? எல்லாப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். கன்வர்ட்டரைக் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஃபைபரைத் திரும்பச் செருகும் முன், தூசி இருக்குமே என்று முனையை விரலால் ஒரு துடை துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஷெட்டில் லைன் போனது. சர்வர் அறையில் பார்த்தால் பச்சை எரிகிறது. என் பக்கம் சரி, கோளாறு ஃபைபரில்தான் என்று அண்ணாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, ஃபைபர் முனையைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனார். ஒரு நாள் ஓடி, மறுபடி படுத்துக்கொண்டது. இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் என் கன்வர்ட்டரை நிறுத்தி உள்ளே பார்க்கட்டுமா என்று கேட்டார். பச்சை எரிகிற பெட்டியை ஏன் நோண்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, நான் போனும் கையுமாக வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

மேனேஜர் என்னைப் பிடித்துக் குதறினார். நான் நேரே ஷெட்டுக்குப் போய், அத்தனை பேர் முன்னால் அண்ணாவிடம் சொன்னேன்:

"உங்க ஜாயின்ட்தான் சரியில்ல அண்ணா. ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

அவர் டூல் பெட்டியை மூடினார். ஜாயின்ட் கோளாறு என்று அவர் பெயரைப் போட்டு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வாரத்தோடு அவருடைய கேட் பாஸை முடித்துவிடச் சொன்னார் மேனேஜர். மாதம் தவறாமல் அவருக்கு வேலை கொடுத்த ஒரே இடம் எங்கள் ஃபாக்டரிதான். அது தெரிந்தேதான் எழுதினேன். அன்றைக்கு லோக்கலில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை.

கடைசி நாள் அண்ணா சொல்லிக்கொண்டு போக வந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். பஞ்சு சுற்றிய குச்சிகள், இரண்டு மூடி.

"அடுத்து வர்ற ஆள்கிட்ட குடுங்க மேடம். முனைய மட்டும் தொடச்சா பத்தாது. பெட்டி ஓட்டைக்குள்ளயும் தொடைக்கணும்."

அவர் போனதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கன்வர்ட்டரை நிறுத்தி, ஃபைபரைக் கழற்றி, அனுப்புகிற ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டுத் திருப்பி எடுத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. குங்குமம். என் விரலிலிருந்து முனைக்கும், முனையிலிருந்து உள்ளேயும் போயிருக்கிறது. அவர் முனையைத் துடைக்கத் துடைக்க, உள்ளே இருந்தது மறுபடி ஒட்டியிருக்கிறது.

குச்சியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். கேட்டில் பாஸைக் கொடுப்பதற்காக வரிசையில் நின்றிருந்தார். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"மொத தடவையே தெரியும் மேடம். துணியில செவப்பா வந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

"நான் எப்பிடி மேடம் சொல்றது? சர்ச்சுக்குப் போறவன், உங்க பூஜை குங்குமத்தாலதான் லைன் போச்சுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? தொடச்சு விட்டா சரியாயிடும்னு பாத்தேன்."

அவரைக் கையோடு மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனேன். குங்குமம், என் விரல், அவசரத்தில் நான் வாங்கிய பெட்டி எல்லாவற்றையும் ஹிந்தியில் கொட்டினேன். மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்.

"நஹி சார்," என்றார் அவர். தெரியும் என்று அவர் சொன்னால், விஷயம் தெரிந்தவர்மேலா பழி போட்டு எழுதினாய் என்று அடுத்த கேள்வி எனக்கு வரும்; என்னைக் காப்பாற்றத்தான் இல்லை என்றார். நான் எழுதிய ரிப்போர்ட் அந்த மேஜைமேல்தான் கிடந்தது.

"அவருக்குத் தெரியும் சார்," என்றேன். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

மேனேஜர் ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். அண்ணாவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.