பறந்து போயிரும்னு சொன்ன நாச்சம்மா அக்கா

நாச்சம்மா அக்கா போயிட்டா.

காலம்பற பூஜை முடிச்சு போனை எடுத்தா அவ பேத்தியோட மெசேஜ். நேத்து சாயந்திரம், கொள்ளேகால்ல, தூக்கத்துலயே. தொண்ணூறு தாண்டினவ... கஷ்டப்படாம போனது பெருமாள் கிருபை.

அழுகை வரலை. கோபம்தான் வந்தது. அதைத்தான் எழுதறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்.

சுதந்திரம் வந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். ரேஷன் அரிசி காலம். கல்யாணமாகி மேல்கோட்டையிலேர்ந்து மைசூருக்குப் புதுசா வந்திருந்தேன். ஆத்துக்காரர் ஆபீஸ் போயிடுவார். மாமியார் பேசினா அது திட்டுதான்.

கொல்லைப்புறத்துல கழுத்தளவு ஒரு காம்பவுண்ட் சுவர். அந்தப் பக்கம் நாச்சம்மா அக்கா. என்னைவிட அஞ்சாறு வயசுதான் பெரியவ. கொள்ளேகால் பக்கம், புழு வளர்த்து நூல் எடுக்கற குடும்பம்.

ஒருநாள் ஊர்லேர்ந்து ஒரு மூங்கில் தட்டு நிறைய பட்டுப்புழு கொண்டு வந்து சுவர் மேல வெச்சா. "பொழுது போகலீன்னு சொன்னீல்ல அம்மணி? இதுங்களுக்கு எலை போடு."

முதல்ல அருவருப்பு. மாமியார் கண்ணுல படாம விறகு ரூம்ல வெச்சேன். அப்புறம்... விட முடியலை.

அக்கா கொண்டு வந்து தர முசுக்கொட்டை இலையை நறுக்கிப் போட்டா எல்லாம் சேர்ந்து திங்கற சத்தம் இருக்கே... சன்னதியில பத்து பேர் வாய்க்குள்ளயே சகஸ்ரநாமம் சொல்ற மாதிரி.

திடீர்னு ஒருநாள் திங்கறதை நிறுத்திடுத்து. தலையைத் தூக்கிண்டு அசையாம நிக்கறது. பயந்து சுவர்கிட்ட ஓடினேன்.

"சாகலை அம்மணி. இதுக்கு ஜுரம்னு பேரு. தோல் உரிக்கப் போவுது. தொடாதே, சும்மா உடு."

அன்னிக்கு ஏகாதசி. "அப்போ இதுங்களுக்கும் உபவாசம்"னேன்.

"ஆமா, உன்ர கைல வந்து எல்லாம் ஐயங்கார் புழுவாயிருச்சு!" அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு.

பார்த்துப் பார்த்து நானும் கத்துண்டேன். மாமியார் ஆரம்பிச்சா தலையைத் தூக்கிண்டு அசையாம நிப்பேன். பதிலே பேச மாட்டேன். முடிஞ்சதும் நன்னா பசிக்கும்.

எழுத்தும் கணக்கும் நானாக் கத்துண்டது. ஆத்துக் கணக்கு நோட்டுல எண்ணெய், உப்பு, புளிக்குக் கீழே இலையையும் எழுதி வெச்சேன். அக்கா எட்டிப் பார்த்துட்டு, "புழு திங்கறதுக்குமா கணக்கு, கணக்குப்புள்ளை அம்மணி!"ன்னா.

புழுங்கள்ல ஒண்ணு மட்டும் சோனி. மத்ததெல்லாம் அது மேலேயே ஏறிப் போகும். தனியா எடுத்து வெச்சு கொழுந்தாக் கொடுத்தேன். சோனின்னே பேர் வெச்சேன்.

"கூடு கட்டினப்புறம் என்ன ஆகும் அக்கா?"

நிமிராம இலையைக் கிள்ளிண்டே சொன்னா. "றெக்கை மொளைச்சுப் பறந்து போயிரும் கண்ணு. உன்ர சோனி வெளிய வாரப்போ கூப்புடறேன்."

கூடு கட்டினதும் எல்லாத்தையும் வாங்கிண்டு போயிட்டா. நான் தினமும் சுவர்கிட்ட போய் நிப்பேன். "வந்துடுத்தா?" "இன்னும் இல்ல கண்ணு."

ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்நானம் பண்ணி, மடியா பட்டு கட்டிண்டு, துளசிக்கு ஜலம் விடப் போனேன். அந்தப் பக்கத்துலேர்ந்து ஏதோ வேகற வாடை.

எட்டிப் பார்த்தா அடுப்புல அண்டா. கொதிக்கற தண்ணியில வெள்ளை வெள்ளையா என் கூடுங்க. அக்கா குச்சியால கிளறி நூல் நுனி தேடிண்டிருந்தா.

"சோனி எது?"ன்னு கேட்டேன். அதுதான் வாயில வந்தது.

"இதுல எது எதுன்னு எப்படித் தெரியும் கண்ணு..."

"பறந்து போயிடும்னு சொன்னேளே."

நிமிர்ந்து பார்த்தா. என் முகத்தை இல்லை, புடவையை. "பறக்க உட்டா கூடு ஓட்டையாயிரும், நூல் அறுந்துரும். அப்பறம் எதைக் கட்டிட்டு நீ சாமி கும்புடுவே அம்மணி?"

பட்டுன்னா சுத்தம், பட்டுன்னா மடி... அப்படித்தான் சொல்லி வளர்த்தா. அது எப்படி வரதுன்னு மாமியாருக்குத் தெரியும். ஆத்துக்காரருக்குத் தெரியும். அத்தனை சாஸ்திரம் படிச்ச எங்கப்பாவுக்கும் தெரியாம இருந்திருக்காது. ஒருத்தரும் சொல்லலை.

பெருமாளைக்கூட கேட்டேன். நீங்களும் பட்டுதானே சாத்திண்டிருக்கேள், நீங்களாவது சொல்லியிருக்கப்படாதான்னு.

ஆனா அவாள்லாம் வாயைத் திறக்கலை, அவ்வளவுதான். கேட்டதுக்குப் பொய் சொன்னது அக்கா ஒருத்திதான். நான் கேட்டதும் அவ ஒருத்தியைத்தான்.

அன்னிலேர்ந்து மடிக்குப் பருத்தி நூல்புடவைதான். மழைக்காலத்துல காயாது, ஈரத்தோடயே கட்டிண்டு நடுங்கியிருக்கேன். மாமியார் கத்தினா. தலையைத் தூக்கிண்டு நின்னேன்.

அக்காவோட பேச்சு நிக்கலை. என் பொண்ணை இடுப்புலயே வெச்சு வளர்த்தவ அவ. அவ கொள்ளேகாலுக்கே திரும்பிப் போனப்புறமும் பொங்கலுக்கு போன் வரும்.

சோனி பேச்சை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கலை. ஒருநாளாவது "பொய் சொல்லிட்டேன் கண்ணு"ன்னு சொல்லுவான்னு இருந்தேன்... இத்தனை வருஷமும்.

போன வருஷம் யூடியூப்ல பார்த்தேன். பட்டுப்பூச்சிக்கு றெக்கை உண்டு, பறக்க வராதாம். விட்டிருந்தாலும் பறந்திருக்காது. புழுவோடயே வளர்ந்தவளுக்கு அது அன்னிக்கே தெரியும்.

அப்பவே போன் பண்ணினேன், கேட்டுடணும்னு. "பாட்டிக்குக் காது சுத்தமா கேக்காதுங்க, என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்"னா பேத்தி.

ஒண்ணுமில்லைம்மா, சும்மாதான்னு வெச்சுட்டேன்.

இப்போ போட்டோவும் அனுப்பியிருக்கா. கழுத்து வரைக்கும் அரக்குக் கலர் பட்டு போர்த்தி, மாலை போட்டு...

நான் பக்கத்துல இருந்திருந்தா நூல்புடவைதான் கொண்டு வந்திருப்பேன், அக்கா.

போயிட்டு வாங்கோ.