மூடி நீட்டும் விரல்கள்

அக்கா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். மரத்துப்போகிற ஊசியை டாக்டர் போட்டு முடித்ததும், அக்கா மூடியை இரண்டு விரலால் பிடித்து நீட்டுவாள். அவர் ஊசியை அதற்குள் செருகுவார். முன்னறையில் "மஞ்சக்காமாலை ஏதாவது இருக்கா?" என்று விசாரிப்பதும் அவள்தான். ஆமாம் என்றவர்களை டாக்டர் தொடமாட்டார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அக்கா அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் டாக்டரின் கை தவறி, ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. "சோப்பு போட்டுக் கழுவும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். தடுப்பூசி போட்டுக்கொள் என்று அதுவரை அவர் வாயைத் திறந்ததில்லை, ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிற மனுஷன்!

சில மாதங்களில் அவள் கண் மஞ்சளானது. ஹெபடைடிஸ் பி. டாக்டர் அவளைக் கைகழுவி விட்டார். கண் வெளுத்த பிறகும் ரத்தத்திலிருந்து கிருமி போகவில்லை. அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்ட பெரியவரின் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உண்மையச் சொல்லியிருந்தா என்னை உள்ள விட்டிருப்பியாம்மா?"



இப்போது அக்காவுக்கே கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். இரண்டு பல் டாக்டர்கள் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கன்னம் வீங்கி, கஞ்சி கூட இறங்காமல் கிடந்தாள்.

"இந்தத் தடவையாவது இல்லன்னு சொல்லித் தொலைக்கா" என்று கெஞ்சி, மூன்றாவது இடத்துக்கு இழுத்துப் போனேன். சொன்னாள். படுக்க வைத்தார்கள். ஊசியும் போட்டாயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண் மூடியை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள்.

"கைய எடும்மா! எனக்கு பி இருக்கு!" பாதி மரத்த நாக்கோடு அக்கா கத்தினாள்.

அந்தப் பெண் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தெருவில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "பல்லைப் புடுங்குற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? உனக்குப் பைத்தியமா?"

"அவ விரலப் பாத்தியாடி?" என்றாள். கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

துடைத்துவிட்டேன். மரப்பு இறங்குவதற்குள் இன்னொரு டாக்டரைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே இருவரும் வேகமாக நடந்தோம்.